மதியச் சோற்றுக்கு மாற்று: சாமையா, காலிஃபிளவரா?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சோற்றுக்கு மாற்று தேடும்போது, சிறுதானியம் என்றாலே மாவுச்சத்து குறைவு என்ற நம்பிக்கைதான் முதல் சிக்கல். சமைக்காத அரிசி 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையில் 65 கிராம். பெரிய வித்தியாசமில்லை. "சாமைதானே" என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டால் கணக்கு அரிசியைத் தாண்டிவிடும். ஒருவருக்கு 40 கிராம் சாமை, ஊறவைத்து, உதிரியாக வேகவைத்தால் போதும். குழைந்தால் சர்க்கரை வேகமாக ஏறும்.

காலிஃபிளவர் 200 கிராமில் மாவுச்சத்து சுமார் 10 கிராம்தான். ஆனால் பக்குவம் தவறினால் கூழாகிவிடும். மஞ்சள், உப்பு போட்ட வெந்நீரில் 5 நிமிடம் வைத்தெடுத்து, துணியில் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே பெரிய கண்ணில் துருவவும். அகலமான வாணலியில் தாளித்து, மூடாமல், பெருந்தீயில் 4 நிமிடம். உப்பு கடைசியில், முன்பே போட்டால் தண்ணீர் விடும். சாம்பார் இதற்கு ஒட்டாது. எலுமிச்சைத் தாளிப்பு, முட்டைப் பொடிமாஸ், கெட்டியான காரக்குழம்பு அருமை.

தினமும் என்றால் காலிஃபிளவருக்கே என் ஓட்டு. சாமை வாரத்தில் இரண்டு நாள். இன்சுலினோ, கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென மாறினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மருந்தளவை முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.