கறுப்புக் குஞ்சின் தலையில் வெள்ளைப் பொட்டு: வாங்கும் முன் கவனியுங்கள்

வீட்டுக் கொல்லையில் சில கோழிகள் வளர்க்க எண்ணி முதன்முதலாகக் குஞ்சு வாங்கப் போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்ட்ராலார்ப் என்னும் கோழி இனத்தின் பெட்டைகள் என்று சொல்லி எங்களுக்கு விற்கப்பட்ட பத்துக் குஞ்சுகளில் ஒன்றுகூட ஆஸ்ட்ராலார்ப் இல்லை. ஒன்றுகூடப் பெட்டையும் இல்லை.

எந்த இனம் என்று முடிவு செய்வதற்கே எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. லெகார்ன் ஆண்டுக்கு 280 முட்டைவரை இடக்கூடியது என்றாலும் எடை குறைந்த, எளிதில் மிரளும் பறவை. வேலியைப் பறந்து தாண்டும், பிள்ளைகள் தூக்கினால் துடித்துத் திமிறும். ஆர்பிங்டன் சாதுவானது, ஆனால் அடிக்கடி அடைக்கு உட்காரும், அடை கிடக்கும் வாரங்களில் முட்டை நின்றுவிடும். அந்த ஆர்பிங்டனிலிருந்தே முட்டைக்காகத் தேர்ந்தெடுத்து ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஆஸ்ட்ராலார்ப், நல்ல வழியில் வந்ததாக இருந்தால் ஆண்டுக்கு 250 முட்டையளவு இடும் என்பதாலும், உடல் கனத்தால் அதிகம் பறக்காது, மனிதரிடம் எளிதில் பழகும் என்பதாலும் எங்கள் வீட்டுக்கு அதுவே பொருந்தும் என்று தீர்மானித்தோம்.

விற்றவர் அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டியபோது, கறுப்பு வெல்வெட் துணியைப் போல் இருந்த ஒவ்வொரு குஞ்சின் உச்சந்தலையிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. அது என்ன என்று என் மகள்தான் கேட்டாள். "இந்த இனத்துக்கே உள்ள பொட்டும்மா அது, ராசியானது" என்றார் அவர். நான் மறுபேச்சுப் பேசாமல் பெட்டைக் குஞ்சுக்குரிய முழு விலையையும் கொடுத்தேன்.

ஆஸ்ட்ராலார்ப் குஞ்சுக்கு வயிறும் இறக்கை நுனியும் வெளுத்திருக்கும். உச்சந்தலையில் தனிப் பொட்டு அதன் அடையாளம் அன்று. கோடு போட்ட இறகுள்ள பிளைமவுத் ராக் பெட்டையோடு ரோட் ஐலண்ட் ரெட் சேவலைச் சேர்த்தால் பிறக்கும் ஆண் குஞ்சுகளின் அடையாளம் அது. இறகில் கோடும் குஞ்சின் தலையில் பொட்டும் விழச் செய்யும் மரபணு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் ஒன்றான இசட் குரோமோசோமில் இருக்கிறது; பறவைகளில் தாயின் இசட் குரோமோசோம் மகன்களுக்கு மட்டுமே போகும் என்பதால், இந்தக் கலப்பில் மகன்கள் எல்லாம் பொட்டோடும் மகள்கள் பொட்டில்லாமலும் பொரிக்கின்றன. பொரித்த அன்றே ஆண், பெண் பாலைப் பிரித்துவிடலாம் என்பதற்காகவே இந்தக் கலப்பைச் செய்கிறார்கள். அப்படிப் பெட்டைகளைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய சேவல் குஞ்சுகள்தாம் எங்கள் பெட்டிக்கு வந்திருக்கின்றன. (கலப்பில்லாத பிளைமவுத் ராக் இனத்தில் பெட்டைக் குஞ்சுக்கும் சிறிய பொட்டு உண்டு; ஆகவே பொட்டை மட்டும் வைத்து எல்லாக் குஞ்சையும் சேவல் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.)

நான்காம் வாரத்தில் இறக்கைகளில் சாம்பல் கோடுகள் தெரிந்தன. ஆறாம் வாரத்தில் பத்துக்கும் கொண்டை சிவந்து தடித்தது. எனக்கு ஐயம் வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டிருந்ததால், பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தேன். பன்னிரண்டாம் வாரம், வால் மூட்டருகே கூரிய நீண்ட இறகுகள் சரிந்து தொங்கத் தொடங்கிய அதே நாட்களில், ஒரு விடியற்காலையில் தொண்டை கரகரக்க ஒன்று கூவியது. அந்த வாரம் முடிவதற்குள் மேலும் மூன்று கூவின.

கேட்கப் போனபோது, குஞ்சில் ஆண், பெண் பார்ப்பது யாராலும் முடியாது என்று அவர் சாதித்தார். இது உண்மையன்று. குதப் பகுதியைப் பார்த்துப் பால் பிரிக்கத் தேர்ந்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகவே பிரிக்கிறார்கள். அந்த முறையில் ஒன்றிரண்டு தவறுவது இயல்பு என்பதால், பத்தில் ஒன்று சேவலாகிப் போயிருந்தால் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டேன். பத்தும் சேவல் என்றால், அவை பிரித்துக் கழிக்கப்பட்டவை என்பது தவிர வேறு பொருள் இல்லை.

அவரிடமே, முட்டைக்கு வந்துவிட்ட விடைக்கோழிகள் என்று இரண்டு செம்பழுப்புக் கோழிகளையும் வாங்கியிருந்தோம். மூன்றாம் வாரமே அவை இறகு உதிர்த்தன. முட்டை ஒன்றுகூட இடவில்லை. முதல் முட்டைக்குக் காத்திருக்கும் விடைக்கோழியின் கால் வழவழப்பாகவும் நிறம் குன்றாமலும் இருக்கும். இவற்றின் கால்களையோ கையில் பிடித்தாலே செதில்கள் சொரசொரத்தன, மஞ்சள் நிறம் முற்றிலும் வெளுத்திருந்தது, முள் எழும்பும் இடம் கெட்டியாகப் புடைத்திருந்தது. பல வணிகப் பண்ணைகளில் 72 முதல் 80 வார வயதில் கழித்துவிடும் கோழிகள் இவ்வாறுதான் இருக்கும். வாங்கும் அன்று நான் கொண்டையையும் இறகையும் பார்த்தேனே தவிர, காலைக் குனிந்து பார்க்கவில்லை.

இனத்தின் பெயர், கலப்பா தூய இனமா என்பது, பொரித்த தேதி, பால் பிரித்த முறை, கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோயான மாரெக் நோய்க்கு முதல் நாளிலேயே தடுப்பூசி போடப்பட்டதா என்பது ஆகிய ஐந்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். கலப்புக் கோழியாக இருப்பது குறையன்று. நன்றாக முட்டையிடும் கலப்புகள் பல உண்டு. ஆனால் அவற்றை அடைவைத்துப் பொரித்தால் குஞ்சுகள் தாயின் குணத்தை அப்படியே கொண்டுவருவதில்லை என்பதையும் சொல்லித்தானே விற்க வேண்டும்?

பத்துச் சேவல்களை ஒரே கூண்டில் வைத்திருக்க முடியாது. பதினான்காம் வாரத்தில் ஒன்றையொன்று இரத்தம் வரக் கொத்தத் தொடங்கின. எட்டைப் பரந்த தோட்டம் உள்ள ஒருவருக்குக் கொடுத்தோம். அந்த நாளில் என் மகள் வெளியே வரவில்லை. இரண்டு எங்களிடமே, தனித்தனிக் கூண்டில் இருக்கின்றன. அடுத்த முறை வேறொருவரிடம் ஆறு குஞ்சுகள் வாங்கியபோது, விளக்கின் கீழே ஒவ்வொன்றின் தலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் அவள்தான். அவற்றில் ஐந்து பெட்டைகள்; இருபத்து நான்காம் வாரத்தில் முட்டைக்கு வந்தன.