போர்ஷே 911: முன் மட்கார்டுக்குள் எந்த ஆயில் கூலர் நல்லது?

பழைய போர்ஷே 911-இல் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. பின்னால் இருக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் காற்றும் ஆயிலும்தான் காப்பாற்றுகின்றன. எஞ்சினோடு ஒட்டியே ஒரு கூலர் உண்டு. வேகம் கூடிய 911 எஸ் மாடலுக்கு அது போதாமல், 1969-இல் முன் வலது மட்கார்டுக்குள் இன்னொன்றை வைத்தார்கள். பிற்பாடு வந்த கார்களில் இந்த முன் கூலரை மூன்று வடிவங்களில் பார்க்கலாம்.

முதலாவது, ஊதுகுழல் போல வளைந்து திரும்பும் வெறும் குழாய். பேரே டிராம்போன்தான். அடைக்கவோ உடையவோ அதில் எதுவும் இல்லை. ஆனால் சூடு வெளியேறும் பரப்பும் குறைவுதான். கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இது சரி.

இரண்டாவது, 911 எஸ்சி மாடலின் பிற்கால கார்களில் வந்த 28 குழாய் பித்தளைக் கூலர். நெடுஞ்சாலையில் நன்றாகவே வேலை செய்யும். குழாய்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் சேறும் கல்லும் சிக்காது. சிக்னலில் பத்து நிமிடம் நின்றால்தான் சிக்கல். காற்று ஓடாதபோது அதனால் எதுவும் செய்ய முடியாது, ஆயில் சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது, எஸ்சி-க்கு அடுத்து வந்த 3.2 கரேரா மாடலின் துடுப்புக் கூலர். மெல்லிய தகடுகள் அடுக்கிய இது பார்க்க ரேடியேட்டர் மாதிரியே இருக்கும். காற்று படும் பரப்பு பல மடங்கு அதிகம். பிந்தைய கார்களில் அதற்கு மின்சார ஃபேனும் சேர்ந்தது. நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான், அதுவும் ஃபேனோடு. ஃபேன் இல்லாமல் இதை வாங்கினால் பாதி லாபம்தான். ஒரே கவனிப்பு, துடுப்புகளில் சேரும் மண்ணை வருடத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமாகப் பீச்சினால் துடுப்பு மடங்கிவிடும்.

பந்தயத்துக்குப் போன 911 ஆர்எஸ்ஆர் மாடல் போல முன் பம்பரின் நடுவில் ஓட்டை போட்டு வைக்கும் வழியும் உண்டு. பந்தயத் தடத்துக்குப் போகாத காரின் பம்பரை வெட்ட எனக்கு மனசு வராது.

சரி, எதையும் வாங்கும் முன் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். ஆயில் 85 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் அது முன்பக்கத்துக்கு வழி திறக்கும். நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தி, வலது கதவுக்குக் கீழே ஓடும் குழாய்களின் அருகே கையைக் கொண்டு போங்கள். முள் உச்சத்தில் இருந்தும் அங்கே அனல் அடிக்கவில்லை என்றால் ஆயில் முன்னால் போகவே இல்லை. எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் பலன் இருக்காது. அதற்காகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியவும் வேண்டாம். குளிர்ந்த ஆயிலில் ஈரம் ஆவியாகாமல் தங்கும், அதுவும் எஞ்சினுக்குக் கேடு.

அந்தக் குழாய்களும் ஒரு கூலர்தான், போகிற வழியிலேயே சூட்டை விடுகின்றன. அவற்றுக்குப் பதில் ரப்பர் ஹோஸ் போட்டால் அந்தப் பயன் போய்விடும். இணைப்பு நட்டுகள் பல வருடத்தில் இறுகிப் பிடித்திருக்கும். இரண்டு ஸ்பேனர் போட்டு எதிரெதிராகத் திருப்புங்கள், அசையாவிட்டால் முதலில் நட்டைச் சூடாக்குங்கள். ஒரே ஸ்பேனரால் அழுத்தினால் நட்டோடு குழாயும் முறுக்கிக்கொள்ளும்.