பூரணம் வைத்த குக்கி மெஷின்: மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

எங்கள் பேக்கரிக்கு இந்த மெஷின் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. மேலே இரண்டு ஹாப்பர், அதாவது கொட்டி வைக்கும் தொட்டி: ஒன்றில் மாவு, இன்னொன்றில் பூரணம். குழாய்க்குள் குழாயாக இருக்கும் நாசில் வழியே இரண்டும் சேர்ந்தே இறங்கும். கீழே ஷட்டர் கத்திகள் சுற்றிலுமிருந்து சுருங்கி, மாவை இழுத்து மூடி, உருண்டையாக வெட்டிப் போடும். யோசனை ஒன்றும் புதிதில்லை. அத்திப்பழப் பூரணம் வைத்த ஃபிக் நியூட்டன் என்ற அமெரிக்க பிஸ்கட்டை 1891-லேயே புனலுக்குள் புனல் வைத்த மெஷினில்தான் போட்டிருக்கிறார்கள்.

முதல் மாதம் ட்ரே முழுக்கக் கருகிய ஜாம். விற்றவர்கள் நாசிலை மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம், அப்புறமும் அதே கதைதான். கோளாறு மெஷினில் இல்லை. மாவும் பூரணமும் ஒரே பதத்தில் இல்லாததுதான் காரணம். பூரணம் இளகலாக இருந்தால் ஷட்டர் மூடும் இடத்தில் பிதுங்கி, மாவை ஒட்டவிடாது. ரொம்பக் கெட்டியாக இருந்தால் ஒரு பக்கமாக ஒதுங்கி, அந்தப் பக்கத்து மாவைக் காகிதம்போல மெலிதாக்கிவிடும். ஓவனில் அங்கேதான் வெடிக்கும். இப்போதெல்லாம் இரண்டிலும் கொஞ்சம் எடுத்து அருகருகே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி ஒரே ஆழத்தில் விழுந்த பிறகுதான் ஸ்விட்சைப் போடுவேன். முதலில் விழும் ஐந்தாறு உருண்டைகளைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

காலையில் சரியாக வந்த மாவு மதியம் சொதப்பும். மாவைக் கீழே தள்ளும் ஸ்க்ரூ தேய்க்கிற தேய்ப்பில் மாவு சூடேறி, வெண்ணெய் இளகி, ஷட்டரில் அப்பிக்கொள்ளும். அதனால் ஹாப்பரை நிரப்பி வைப்பதில்லை. 20 டிகிரி பக்கம் இருக்கும் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறோம். ஆசைப்பட்டு உருண்டையின் எடையில் 40 சதவீதம் வைத்த பூரணத்தையும் 30-க்கு இறக்கிவிட்டோம். பெரிய சாக்லேட் துண்டுகளை இந்த ஷட்டர் கடிக்காது; பொடித்துதான் சேர்க்க வேண்டும்.

கசிவு நின்றதும் அடுத்த தலைவலி. பார்க்க அழகாக வந்த குக்கி நாலாம் நாளே நமத்துப்போனது. ஜாமின் ஈரம் காய்ந்த மாவுக்குள் ஏறுகிறது. இதற்கு மெஷின் என்ன செய்யும்? ஈரம் எவ்வளவு என்பதைவிட, அதில் எவ்வளவு எதிலும் கட்டுப்படாமல் மாவுக்கு நகரும்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. சர்க்கரையும், ஜாமை இறுக்கும் பழச்சத்தான பெக்டினும் சரியாக அமைந்த, ஓவன் சூட்டிலும் கொதித்து வழியாத பூரணத்துக்கு மாறினோம். நிலைமை தேறியது, ஆனாலும் அது மெத்தென்ற குக்கிதான். மொறுமொறுப்பு கேட்பவர்களுக்குத் தண்ணீரே சேராத, கொழுப்பில் அரைத்த சாக்லேட் பூரணம் வைக்கிறோம். அது மாதக்கணக்கில் நிற்கிறது.

இதுவரை ஷட்டர் கத்திகளை இரண்டு முறை மாற்றியிருக்கிறோம், ஸ்க்ரூ பழையதுதான். கழுவுவதுதான் கொடுமை. எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, ஈரம் போகத் துடைத்து மாட்ட ஒன்றரை மணி நேரம். ஒரு முறை சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாட்ட மறந்து, மறுநாள் காலை மோட்டார் வரைக்கும் ஜாம். இன்று வரை எங்களுக்குள் நடக்கும் ஒரே தகராறு, ராத்திரி அதை யார் கழுவுவது என்பதுதான்.