கலப்பையா, நீர்ப்பீச்சலா, துளையா? கடலடிக் கேபிள் புதைக்கும் வழிகள்

கடல் காற்றாலையின் மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவரும் கேபிளைச் சும்மா படுகையில் போட்டுவிட முடியாது. இழுவலையிலோ நங்கூரத்திலோ சிக்கினால் கதை முடிந்தது. அதனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் புதைப்பார்கள். எப்படிப் புதைப்பது என்பதில்தான் பொறியாளருக்கும் அனுமதி தருகிறவருக்கும் இழுபறி.

நீர்ப்பீச்சு எந்திரம் மணலைக் குழம்பாக்கும். கேபிள் தன் கனத்திலேயே உள்ளே இறங்கிவிடும். மணலிலும் இளகிய சேற்றிலும் வேலை சட்டென்று முடியும். ஆனால் கலங்கல் எழுந்து நீரோட்டத்தோடு போகும். பக்கத்தில் கடற்புல்லோ சிப்பிப் படுகையோ இருந்தால், அது எவ்வளவு தூரம் பரவும் என்று கணக்குக் கேட்பார்கள்; மீன் முட்டையிடும் மாதங்களில் வேலையே கூடாது என்றும் நிபந்தனை வரலாம்.

கலப்பையைக் கப்பல் இழுத்துப் போகும். அது மண்ணைக் கீறி, அடியில் கேபிளை இறக்க, மண் மேலே விழுந்து மூடிக்கொள்ளும். கலங்கல் குறைவு, இறுகிய களிமண்ணிலும் ஓடும். குறுக்கே பழைய கேபிள் வந்தால் மட்டும் கலப்பையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் புதையாமல் கிடக்கும் கேபிளைப் பாறை கொட்டி மூடுவார்கள். மணலில் வாழும் உயிர்களுக்கு அது வீடு பறிபோன மாதிரி.

கரையேறும் இடத்தில் எனக்குக் குழப்பமே இல்லை, துளைதான். நிலத்திலிருந்து கடற்கரைக்கு அடியில் சாய்வாகத் துளைத்துக் கடலுக்குள் வெளியே வருவார்கள். செலவு அதிகம். துளை சரியாமலிருக்கச் செலுத்தும் பெண்டோனைட் என்ற களிமண் குழம்பு விரிசல் வழியே படுகையில் கசியவும் கூடும். கசிந்தால் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் துளை என்று சொல்வதற்குக் காரணம், அமெரிக்காவின் பிளாக் ஐலண்ட். 2016-இல் 5 காற்றாலைகள், 30 மெகாவாட்டுடன் ஓடத் தொடங்கிய திட்டம். தீவின் கடற்கரையில் கேபிளை நீர்ப்பீச்சு முறையில் புதைத்தார்கள். போதிய ஆழம் கிடைக்கவில்லை. அலை மணலை அரித்தது, மக்கள் குளிக்கும் கரையில் கேபிள் வெளியே தலைகாட்டியது. பிறகு அதே இடத்தில் துளையிட்டுப் புதுக் கேபிள் போட வேண்டியதாயிற்று.

கரையைத் தாண்டிக் கடலுக்குள் அப்படி ஒரே பதில் சொல்ல முடியாது. சில கிலோமீட்டருக்குள்ளேயே மணல் களிமண்ணாகும், களிமண் பாறையாகும். விண்ணப்பத்தில் ஒரு முறையை மட்டும் எழுதினால், மண் மாறும்போது திருத்தம் கேட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கூலிக் கப்பலோ நாள் வாடகையில் சும்மா நிற்கும். கலப்பை, நீர்ப்பீச்சல் இரண்டுக்குமே பாதிப்பை மதிப்பிட்டு, இரண்டையும் சேர்த்தே அனுமதி கேட்பது நல்லது.