ஈவிஎம்: செலவுக்கு நம்பலாம், கெடுவுக்கு யோசிக்கணும்

சென்னைப் புறநகர் அடுக்குமாடித் திட்டங்களில், கான்ட்ராக்டர் பக்கம் பிளானிங் இன்ஜினியராக இருக்கிறேன். சில வருடங்களாக மாதாமாதம் ஈவிஎம் அறிக்கை போட்டு வருகிறேன். ஏர்ன்ட் வேல்யூ மேனேஜ்மென்ட் என்று பெயர்தான் பெரிது. போட்ட பணத்துக்கு ஈடான வேலை நடந்திருக்கிறதா என்பதுதான் அது கேட்கும் கேள்வி.

புதியவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. பிளாக் கட்டு வேலைக்கு பட்ஜெட் 40 லட்சம். மாதக் கடைசிக்குள் பாதி முடிய வேண்டும் என்பது திட்டம். அந்த 20 லட்சம் திட்டமிட்ட மதிப்பு, அதாவது பி.வி. நடந்தது 40 சதவீதம்தான்; அதன் மதிப்பு 16 லட்சம், அது ஈட்டிய மதிப்பு, அதாவது ஈ.வி. செலவானது 18 லட்சம், அது உண்மைச் செலவு, அதாவது ஏ.சி. 16ஐ 18ஆல் வகுத்தால் 0.89, இது செலவுக் குறியீடான சி.பி.ஐ. 16ஐ 20ஆல் வகுத்தால் 0.8, இது கால அட்டவணைக் குறியீடான எஸ்.பி.ஐ. இரண்டிலும் 1க்குக் கீழே என்றால் பின்னடைவு. இதே போக்கில் போனால் 40 லட்சத்து வேலை 45 லட்சத்தில் வந்து நிற்கும். அக்கவுண்ட்ஸில் பார்த்தால் 20 லட்சத்துக்கு 18தான் செலவு, 2 லட்சம் மிச்சம். ஈவிஎம்மில் அதே மாதம் 2 லட்சம் நஷ்டம். இதற்காகவே இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

பிரச்சினையெல்லாம் ஈ.வி.யை எப்படி அளக்கிறோம் என்பதில்தான். ஓனருக்கு அவ்வப்போது போடும் ஆர்.ஏ. பில் (ரன்னிங் அக்கவுண்ட் பில்) தொகையையே ஈ.வி.யாக எடுத்துக்கொள்வது நம் ஊரில் பரவலான பழக்கம். ஒப்பந்தத்தின் அளவு-ரேட் பட்டியலான பி.ஓ.க்யூ.வில் ஆரம்ப வேலைகளுக்கு ரேட்டைத் தூக்கி வைத்திருப்பார்கள், பணம் சீக்கிரம் கைக்கு வர வேண்டுமே! அதனால் அஸ்திவாரமும் கீழ்த்தளங்களும் நடக்கும்வரை சி.பி.ஐ. 1.2, 1.3 என்று மின்னும். பூச்சு, டைல்ஸ், பெயின்டிங் வரும்போது சரியும். அளவு, சைட்டில் அளந்து எழுதும் எம்-புக்கிலிருந்து வரட்டும், ரேட் மட்டும் நம்முடைய சொந்தச் செலவு பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும்.

அப்புறம் சதவீதம். சைட்டில் கேட்டால் எல்லா ஸ்லாபும் "எண்பது பர்சென்ட் ஆச்சு சார்" நிலையில்தான் இருக்கும். அதனால் சென்ட்ரிங் முடிந்து செக் ஆனால் 35, கம்பி கட்டி செக் ஆனால் 35, கான்கிரீட் போட்டால் 30 என்று முன்கூட்டியே பிரித்துவிட்டேன். பாதி சென்ட்ரிங்குக்கு மார்க் கிடையாது. முதலில் சைட் இன்ஜினியர்கள் முணுமுணுத்தார்கள். இப்போது வாக்குவாதமே இல்லை, செக் ஆனதா இல்லையா என்பதோடு முடிந்துவிடுகிறது.

ஏ.சி. பக்கமும் கவனம் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு லோடு கம்பி இறக்கி, வாங்கிய பில்லை அப்படியே செலவில் போட்டால் அந்த மாதம் சி.பி.ஐ. படுத்துவிடும். ஸ்டோரிலிருந்து வெளியே போனதை மட்டும்தான் சேர்க்கிறேன். எதிர்த்திசையில், லேபர் கான்ட்ராக்டர் பில்லைத் தாமதமாகக் கொடுப்பார். வேலை கணக்கில் ஏறிவிடும், செலவு ஏறாது. பில் வராவிட்டாலும் நடந்த அளவுக்கு உத்தேசத் தொகையைச் செலவில் வைத்துவிட வேண்டும். கம்பி விலை ஏற்றத்தையும் தனியாகப் பிரித்துக் காட்டுவது நல்லது. 2021இல் விலை ஏறியபோது சைட் ஆட்கள் செய்யாத தப்புக்கு அவர்களின் சி.பி.ஐ. அடிவாங்கியது.

இனி எஸ்.பி.ஐ. இதை இப்போது ஓனர் மீட்டிங்கில் காட்டுவதே இல்லை. முதல் காரணம், அது பணத்தால் அளக்கிறது. லிஃப்ட் ஷாஃப்ட் வேலை நின்று கிடக்கும். காலியாக இருக்கும் ஆட்களை வைத்து மேல்மாடிகளில் டைல்ஸ் ஒட்டினால் எஸ்.பி.ஐ. 1.05. ஒப்படைக்கும் தேதியோ லிஃப்டோடு சேர்ந்து தள்ளிப்போய்க்கொண்டிருக்கும். கிரிட்டிக்கல் பாத்தை, அதாவது முடிக்கும் தேதியைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலியை, அது பார்ப்பதில்லை. இரண்டாவது காரணம், வேலை மொத்தமும் முடிந்தால் ஈ.வி.யும் பி.வி.யும் சமமாகிவிடும். ஆறு மாதம் தாமதமாக முடித்தாலும் கடைசியில் எஸ்.பி.ஐ. 1 என்றுதான் காட்டும்! இந்தக் கோளாறைச் சரிசெய்யத்தான் அமெரிக்க ஈவிஎம் நிபுணர் வால்ட் லிப்கே 2003இல் ஏர்ன்ட் ஷெட்யூல் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய ஈ.வி. அளவைத் திட்டப்படி எந்த மாதம் தொட்டிருக்க வேண்டும் என்று பார்த்தால் தாமதம் மாதக்கணக்கில் தெரியும். மாதவாரி பி.வி. வளைகோடு இருந்தால் எக்செல்லிலேயே போடலாம். அதையும் கிரிட்டிக்கல் பாத் தேதியையும் சேர்த்துத்தான் காட்டுகிறேன்.

பேஸ்லைனில், அதாவது தொடக்கத்தில் போடும் மூலத் திட்டத்தில், இந்த ஊரின் நடப்பு இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளிப்பூச்சையும் மண் வேலையையும் அந்த மாதங்களில் சமமாகப் பரப்பிவைத்தால் நவம்பரில் குறியீடு அழுவதில் வியப்பில்லை. பொங்கல், தீபாவளிக்கு நம் ஆட்கள் கிளம்புவார்கள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

20 சதவீத வேலை முடிந்தபின் சி.பி.ஐ. பெரிதாக மாறாது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அந்த முடிவு அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தத் தரவிலிருந்து வந்தது. ஈவிஎம்மின் வேரே அங்குதான், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 1967இல் கொண்டுவந்த 35 விதிகளில். கட்டிடத்தில் 20 சதவீதம் என்றால் இன்னும் ஸ்ட்ரக்சர் வேலை. பினிஷிங் ஆட்கள் வேறு, ரேட் வேறு, வேஸ்டேஜ் வேறு. அதனால் மொத்தத் திட்டத்துக்கு ஒரே சி.பி.ஐ. வைத்து இறுதிச் செலவைக் கணிப்பதில்லை, வேலைவாரியாகத்தான்.

ஒரு டவருக்கு எக்செல் போதும். பல டவர் ஒரே நேரத்தில் ஓடினால்தான் பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருள், அதிலும் நேரில் அளந்த வேலையைக் காட்டும் பிசிகல் பர்சென்ட் கம்ப்ளீட் தேர்ந்தெடுங்கள். டியூரேஷன் பர்சென்ட்டில் விட்டால் கழிந்த நாளையே நடந்த வேலையாகக் கணக்குக் காட்டும். தனி வீடு கட்டுபவருக்கு இதெல்லாம் வேண்டாம். சிமெண்ட், கம்பி, மேஸ்திரி கூலி மூன்றையும் தளவாரியாக நோட்டில் எழுதி வைத்தால் போதும்.