ஈரல் புற்றுநோயைத் தேட அல்ட்ராசவுண்டா, குறுகிய எம்.ஆர்.ஐ.யா?

அப்பாவுக்கு சிரோசிஸ். ஃபேட்டி லிவரில் தொடங்கி ஈரல் இறுகிச் சுருங்கும் வரை வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஈரலில் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலையில் வெறும் வயிற்றோடு அல்ட்ராசவுண்ட் எடுக்க ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போகிறேன். வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை அழுத்தி, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க ஐயா" என்பார் டாக்டர். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

போன முறை வந்த ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. 'கட்டி எதுவும் இல்லை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'உதரவிதானத்தை ஒட்டிய மேல்பகுதி சரியாகத் தெரியவில்லை.' தெரியாத இடத்தில் எப்படி 'இல்லை' என்று சொல்வது? அந்தக் கேள்விதான் என்னைக் குறுகிய எம்.ஆர்.ஐ., அதாவது சீக்கிரம் முடியும் எம்.ஆர்.ஐ. பக்கம் கொண்டுபோனது.

முதலில் அல்ட்ராசவுண்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஷாங்காயில் 1990களில் ஹெபடைட்டிஸ் பி தொற்றுள்ள 18,816 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும், ஈரல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அந்தப் பிரிவில் ஈரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்தது. அதுவும் எல்லாரும் ஒழுங்காக வந்ததால் அல்ல. நடந்திருக்க வேண்டிய பரிசோதனைகளில் அறுபது சதவீதம்கூட நடக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியதாக இப்படி ஒரு நேரடிச் சான்று எம்.ஆர்.ஐ.க்கு இன்னும் கிடையாது. செலவும் குறைவு, சின்ன ஊரிலும் இருக்கிறது, ஊசி இல்லை.

ஆனால் சிரோசிஸ் வந்த ஈரல் கரடுமுரடாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். அதற்குள் ஒரு சின்னக் கட்டியை ஒலியலையால் பிரித்துப் பார்ப்பது சிரமம். உடல் பருமனும் கொழுப்பும் சேர்ந்தால் ஒலி உள்ளேயே போகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்கில், ஆரம்பக் கட்டப் புற்றை அல்ட்ராசவுண்ட் மட்டும் கண்டுபிடித்தது 47 சதவீதம். ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தால் 63. கட்டியை இரண்டு சென்டிமீட்டருக்குள் பிடித்தால் வெட்டியோ வெப்பத்தால் சுட்டோ குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கும்போது, இந்த எண்கள் எனக்குப் போதவில்லை.

எதிர்ப்பக்கத்தில் சியோல் ஆய்வு. 2017இல் வெளியானது. சிரோசிஸ் உள்ள, ஆபத்து அதிகமான 407 பேருக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஸ்கேனும் எடுத்தார்கள். 43 பேருக்குப் புற்று வந்தது. எம்.ஆர்.ஐ. 37 பேரிடம் கண்டுபிடித்தது, அல்ட்ராசவுண்ட் 12 பேரிடம். எம்.ஆர்.ஐ. மட்டுமே கண்டுபிடித்தது 26 பேருக்கு. வீண் பயம் கிளப்பியதும் எம்.ஆர்.ஐ.தான் குறைவு: 3 சதவீதம், அல்ட்ராசவுண்டில் 5.6.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சியோலில் எடுத்தது முழு எம்.ஆர்.ஐ. அரை மணி, முக்கால் மணி ஆகும் அதை லட்சக்கணக்கானோருக்கு ஆண்டுக்கு இருமுறை எடுக்க முடியாது. அதனால்தான் தேவையான படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மெஷினுக்குள் இருக்கும் நேரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடமாகக் குறைக்கும் யோசனை வந்தது. இந்தக் குறுகிய எம்.ஆர்.ஐ. பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுத் தொகுப்பு, 86 சதவீதம் கண்டுபிடிப்பதாகச் சொல்கிறது. ஆனால் அவற்றில் பல, முழு ஸ்கேனிலிருந்து சில படங்களை உருவிப் பின்னால் படித்துப் பார்த்தவை. நேரடியாக வாசலில் வந்து நின்ற நோயாளிக்கு எடுத்தவை அல்ல. அப்புறம், கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் இதன் திறமையும் குறைகிறது.

குறுகிய எம்.ஆர்.ஐ.யிலேயே மூன்று வகை உண்டு. படத்தில் கட்டியைப் பிரித்துக் காட்ட ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தே இல்லாதது ஒன்று. செல்கள் நெருக்கியடித்த கட்டிக்குள் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது. அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டாவதில் கேடாக்ஸெடிக் அமிலம் என்ற மருந்தை ஏற்றி இருபது நிமிடம் கழித்துப் படம் எடுப்பார்கள். நல்ல ஈரல் செல் மருந்தை உறிஞ்சி வெளுக்கும், பெரும்பாலான புற்றுக்கட்டி உறிஞ்சாமல் கறுப்பாக நிற்கும். காமாலை ஏறிய ஈரல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது என்பது இதன் பலவீனம். மூன்றாவதில் மருந்து ஏறும்போதே தொடர்ந்து படம். ஈரலுக்கு ரத்தத்தில் பெரும்பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தைக் குடித்து வளர்வது. அதனால் கட்டி முதலில் மின்னி, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துத் தெரியும். முதல் இரண்டிலும் சந்தேகம் வந்தால் முழு ஸ்கேனுக்கு மறுபடி போக வேண்டும். இதில் பல நேரம் அன்றே விடை கிடைக்கும்.

என் ஓட்டு மருந்தில்லாத வகைக்கு. 2021ஆம் ஆண்டுத் தொகுப்பில் அதுவும் கான்ட்ராஸ்ட் வகையும் ஏறக்குறைய சமமாகவே நின்றன. ஆயுளுக்கும் ஆண்டுக்கு இருமுறை என்றால், ஒவ்வொரு தடவையும் கையில் ஊசி, கிட்னி பற்றிய கவலை, மருந்துச் செலவு எல்லாம் ஒரு மனிதரை அடுத்த முறை வராமல் செய்துவிடும்.

இதற்காக எல்லாரும் எம்.ஆர்.ஐ.க்கு ஓட வேண்டாம். ஒல்லியான உடம்பு, ஈரல் முழுதும் தெரிகிறது என்றால் அல்ட்ராசவுண்டும் ஏ.எஃப்.பி.யும் சரிதான். வயிற்றில் நீர் கோத்து மூச்சுப் பிடிக்க முடியாதவருக்கும், மூடிய இடத்தைக் கண்டால் பதறுபவருக்கும் எம்.ஆர்.ஐ. வெறும் வேதனை. பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அல்ட்ராசவுண்டில் எவ்வளவு தெரிந்தது என்பதற்கு ஏ, பி, சி என்று தரம் போடும் முறை ஒன்று இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். சி என்றால், அதாவது ஈரலின் ஒரு மடலிலோ உதரவிதானத்திலோ பெரும்பகுதி தெரியவே இல்லை என்றால், எம்.ஆர்.ஐ. பற்றிப் பேச வேண்டிய ஆள் நீங்கள்தான். அமெரிக்க ஈரல் மருத்துவர்கள் சங்கமும் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. என்று சொல்லவில்லை, அல்ட்ராசவுண்டில் சரியாகத் தெரியாதவர்களுக்குத்தான் அந்த வழியைக் காட்டுகிறது.

அப்பா அந்த சி-யில்தான் வருகிறார். அடுத்த முறை மருந்தில்லாத குறுகிய ஸ்கேன் என்று டாக்டரும் சம்மதித்துவிட்டார். உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் பதினைந்து விநாடிபோல மூச்சை நிறுத்த வேண்டுமாம். தினமும் சாயங்காலம் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பழகுகிறார். நேற்று பன்னிரண்டு வரை வந்தது.