பொட்டலச் சூரணமா, வைத்தியர் தருவதா?

மழைக்காலக் காய்ச்சல் தொடங்கினால், நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தைக் கடையில் வாங்குவதா, சித்த வைத்தியரிடம் பெறுவதா என்று கடலூரிலும் புதுச்சேரியிலும் பலர் தயங்குகின்றனர்.

கண்காணிப்பு: 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தில் 1964இல் சேர்க்கப்பட்டு, இன்று சித்த மருந்துகளுக்கும் பொருந்தும் தனி அத்தியாயத்தின்படி, விற்பனைக்குத் தயாரிப்பவர் உற்பத்தி உரிமம் பெற வேண்டும்.
வைத்தியர் தம் நோயாளிக்கென்றே தயாரிப்பதற்கு அந்த உரிமம் தேவையில்லை.

அடையாளம்: பொட்டலத்தில் உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும்.
வைத்தியர் மடித்துத் தரும் காகிதத்தில் பெரும்பாலும் எதுவும் இராது.

இதைச் சிறிய குறையாக நான் கருதவில்லை. நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளுள் ஒன்றான பற்படாகத்தின் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் சந்தையில் விற்கப்படுவதால், தவறு நேர்ந்தால் தொகுதி எண்ணைக் கொண்டுதான் அதைத் தேடிப் பிடிக்க முடியும். ஆனால் உரிமம் பலனுக்கோ பாதுகாப்புக்கோ சான்று அன்று. அங்கீகரிக்கப்பட்ட பழைய நூலின் முறைப்படி, அந்நூல் கூறும் நோய்க்கே செய்யப்படும் மருந்துக்குப் புதிய பாதுகாப்பு ஆய்வு கேட்கப்படுவதில்லை. (விற்கும் கடைக்காரருக்கோ விற்பனை உரிமமே வேண்டியதில்லை.)

எளிமை: பொட்டலம் உடனே கிடைக்கும், அளவை நாமே படித்தறிய வேண்டும்.
வைத்தியரிடம் காத்திருக்க வேண்டும். வயதும் உடல்நிலையும் பார்த்து அளவு சொல்வார்.

செலவு: பொட்டலத்துக்கு அச்சிட்ட விலை உண்டு, வைத்தியரிடம் ஆளுக்கு ஆள் மாறும்.

வீட்டில் முன்கூட்டியே வாங்கி வைப்போருக்குப் பொட்டலமே பொருந்தும். நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்வோரும் கர்ப்பிணிகளும் பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்காமல் இரண்டில் எதையும் தொடங்க வேண்டாம். டெங்கு ஐயம் இருந்தாலோ, கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக்கசிவு தென்பட்டாலோ, இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.